கையில் பிடித்தே பறவைகளைப் படமெடுக்க எந்த டெலிபோட்டோ லென்ஸ்? ஒரு முழுமையான வழிகாட்டி

பறவைப் படம் எடுக்க லென்ஸ் வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் "600 எம்எம் வாங்கிடு" என்பார்கள். எம்எம் என்பது லென்ஸின் குவிய தூரம், அது கூடக் கூடப் பறவை பெரிதாகத் தெரியும். டிரைபாடில் வைத்து எடுப்பவருக்கு அது போதுமான பதில். கையில் பிடித்தே எடுப்பவருக்குப் போதாது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் விடிந்ததும் நடக்கத் தொடங்கி வெயில் ஏறும்வரை சுற்றினால், அந்த லென்ஸ் அத்தனை நேரமும் உங்கள் தோளில்தான் தொங்கும். ஒவ்வொரு பறவைக்கும் அதைக் கண்வரை தூக்க வேண்டும். மீன்கொத்தி கிளையில் இருக்கப்போவது சில நொடிகள். அதற்குள் தூக்கி, பறவையைக் கண்டுபிடித்து, ஃபோகஸ் செய்து முடிக்க வேண்டும். கை ஓய்ந்துபோனால் எத்தனை எம்எம் இருந்தும் பயன் இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் எம்எம் கணக்குக்குக் கொடுக்கும் அதே மதிப்பை எடைக்கும் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எந்தப் பறவை, எவ்வளவு தூரத்தில்?

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: நீங்கள் உண்மையில் அடிக்கடி போகும் இடங்கள் எவை, அங்கே பறவைகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன? ஆசைப்படும் இடங்களை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற இடங்களில் சங்குவளை நாரை, கூழைக்கடா போன்ற பெரிய பறவைகள் மரங்களில் கூட்டமாக இருக்கும். தூரம் அதிகம், ஆனால் பறவையும் பெரியது, வெளிச்சமும் உண்டு. வீட்டுத் தோட்டத்திலும் வயல் வரப்பிலும் தேன்சிட்டு, பஞ்சுருட்டான், தையல்சிட்டு. தூரம் குறைவு, பறவை மிகச் சிறியது, ஓர் இடத்தில் நிற்காது. வால்பாறை, நீலகிரிச் சோலைகள் வேறு உலகம். நடுப்பகலிலும் மரத்தடியில் இருட்டு, இலைகளுக்கு நடுவே பறவை. பழவேற்காட்டில் பூநாரைகள் பார்வைக்கெட்டும் தூரத்தில் கோடாகத் தெரியும். படகில் போனால் டிரைபாட் உதவாது, கையில்தான் பிடித்தாக வேண்டும்.

இனி ஒரு கணக்கு. பறவையின் நீளத்தை லென்ஸின் எம்எம் அளவால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லில்) பறவை எவ்வளவு பெரிதாக விழும் என்று தெரிந்துவிடும். வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம். அது 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, உங்களிடம் 400 எம்எம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 280 பெருக்கல் 400, வகுத்தல் 15,000. கிட்டத்தட்ட ஏழரை மில்லிமீட்டர். சிறிய வகையான கிராப் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ., அதில் மூன்றில் ஒரு பங்கைப் பறவை பிடிக்கும். 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேமில் ஐந்தில் ஒரு பங்குதான். 600 எம்எம் போட்டால் 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்: கிராப்பில் ஏறக்குறைய பாதி, ஃபுல் ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 400 எம்எம் லென்ஸோடு 15 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு நகர்ந்தால், 600 எம்எம் தருகிற அதே அளவு கிடைக்கிறது. ஐந்து மீட்டர் நிதானமாக முன்னேறிப் போக முடிகிற இடமா உங்களுடையது? வயல்வெளி, குளத்துக்கரை, தோப்பு என்றால் பெரும்பாலும் முடியும். கை கனக்காத லென்ஸோடு நடப்பவர் அந்த ஐந்து மீட்டரை இன்னும் எளிதாகக் கடப்பார். கூடு கட்டியிருக்கும் பறவையிடம் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால், அல்லது அடைகாப்பது எழுந்துவிட்டால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள். சரணாலயத்தில் கரையைவிட்டு இறங்கக் கூடாது, அங்கே நெருங்கும் பேச்சே இல்லை. அங்குதான் நீளமான லென்ஸுக்கு உண்மையான வேலை.

படி 2: உங்கள் கை எவ்வளவு தாங்கும்?

லென்ஸ் விவரக் குறிப்பில் எல்லோரும் கடைசியாகப் பார்க்கும் எண் எடை. நீங்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சந்தையில் இருப்பவற்றை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

ஒன்றரை கிலோவுக்குள் இருப்பவை: கேனான் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். நிக்கானின் பழைய 300 எஃப் 4 பிஎஃப் 755 கிராம் (எஃப் எண் லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பது, எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம்; பிஎஃப் என்பது எடையைக் குறைக்கும் ஒருவகைக் கண்ணாடி). கேனான் ஆர்எஃப் 600 எஃப் 11 சுமார் 930 கிராம். கேனான் ஆர்எஃப் 100-500, சிக்மா 500 எஃப் 5.6 இரண்டுமே 1,370 கிராமை ஒட்டி வரும். நிக்கான் 500 எஃப் 5.6 பிஎஃப் 1,460 கிராம், இசட் 600 எஃப் 6.3 காலரோடு (டிரைபாடில் மாட்டும் வளையத்தோடு) 1,470 கிராம்.

இரண்டு கிலோவை ஒட்டியவை: சிக்மா 150-600 கன்டெம்பரரி 1,930 கிராம், டாம்ரான் 150-600 ஜி2 சுமார் 2,010, கேனான் ஆர்எஃப் 200-800 2,050, சோனி 200-600 2,115, நிக்கான் இசட் 180-600 காலரோடு 2,140, நிக்கானின் டிஎஸ்எல்ஆர் (உள்ளே மிரர் வைத்த பழைய வகை கேமரா) கால 200-500 காலரோடு 2,300 கிராம்.

மூன்றாவது கூட்டம் 600 எஃப் 4. சோனியுடையதும் கேனானுடையதும் மூன்று கிலோவைத் தாண்டும், விலை பத்து லட்ச ரூபாயைத் தாண்டும். கையில் பிடித்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் அதற்கென்றே உடலைப் பழக்கியவர்கள். இந்தக் கட்டுரையில் அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

இந்த எண்ணோடு கேமராவின் எடையையும் சேர்க்க வேண்டும். 650 கிராம் பாடியும் 2,115 கிராம் லென்ஸும் சேர்ந்தால் 2.75 கிலோ. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு துணிப்பையில் அந்த எடைக்கு அரிசியைக் கட்டி, இரண்டு கையாலும் கண் உயரத்துக்குத் தூக்கி ஒரு நிமிடம் பிடியுங்கள். இறக்கி அரை நிமிடம் ஓய்வு. திரும்பத் தூக்குங்கள். பத்துச் சுற்று முடிந்தபிறகு கை நடுங்கினால், அந்த எடை காலை முழுவதும் சுற்றுவதற்கு உங்களுக்கு ஆகாது. உண்மையான லென்ஸ் இதைவிடக் கொஞ்சம் கஷ்டம்தான், ஏனென்றால் அதன் கனம் முகத்தைவிட்டுத் தள்ளி முன்பக்கம் இருக்கும்.

அந்த முன்கனத்தில்தான் இன்னொரு வித்தியாசம் வருகிறது. சில ஜூம்கள் திருகத் திருக வெளியே நீளும். டாம்ரான், சிக்மா 150-600 வகைகளும், நிக்கான் 200-500-உம், கேனான் 100-500-உம் அப்படித்தான். நீளும்போது கனம் முன்னால் ஓடும், இடது கையும் அதோடு நகர வேண்டும். சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டும் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும், வெளி நீளம் மாறாது, பிடித்த இடத்திலேயே பிடித்திருக்கலாம். பைக்குள் வைக்க அவை நீளம் அதிகம் என்பது அதற்கான விலை. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதுவும் ஒரு விஷயம்.

படி 3: எம்எம்

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கிராப் சென்சார் கேமரா வைத்திருப்பவருக்கு 400 அல்லது 500 எம்எம் நல்ல தொடக்கம். நிக்கான், சோனி, ஃபுஜி கிராப்பில் 400 எம்எம் தருகிற பார்வைக் கோணம் ஃபுல் ஃபிரேமில் 600 தருவது, கேனான் கிராப்பில் 640. ஒலிம்பஸ், பேனசோனிக் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களில் இரண்டு மடங்கு, அதனால் 1,120 கிராம் எடையுள்ள ஒலிம்பஸ் 100-400 அங்கே 800 வரைக்கும் போகும். எடைதான் உங்கள் பெரிய பிரச்சினை என்றால் இந்தப் பக்கம் கட்டாயம் ஒரு பார்வை பாருங்கள். ஃபுல் ஃபிரேம் என்றால் 500-க்குக் கீழே போக வேண்டாம். உங்கள் கேமரா 45 மெகாபிக்சல் என்றால் வெட்டி எடுத்தாலும் கிராப் அளவுக்கு 19, 20 மெகாபிக்சல் மிஞ்சும். 24 மெகாபிக்சலில் வெட்டினால் பத்துதான் மிஞ்சும்.

800-க்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். நம் ஊர் வெயிலில் காலை எட்டரை, ஒன்பதுக்கு மேல் நீர்ப்பரப்பிலும் உப்பளத்திலும் தரையிலிருந்து சூடான காற்று எழும்பத் தொடங்கிவிடும். பள்ளிக்கரணையிலும் கோடியக்கரையிலும் தூரத்துப் பறவையின் இறகு ஓரங்கள் கானல் நீரில் நெளிவதை வியூஃபைண்டரிலேயே பார்க்கலாம். அதை எந்த லென்ஸும் சரிசெய்யாது. கிட்டே இருக்கும் சின்னப் பறவைக்கு 800 அற்புதம். தூரத்துப் பறவையைக் கிட்டே இழுக்கத்தான் 800 என்று வாங்கினால் ஏமாற்றமே.

படி 4: அபர்ச்சரும் வெளிச்சமும்

எஃப் 5.6-க்கும் எஃப் 6.3-க்கும் மூன்றில் ஒரு ஸ்டாப்தான் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எஃப் 5.6-லிருந்து எஃப் 8 ஒரு முழு ஸ்டாப், எஃப் 11 இரண்டு ஸ்டாப். இரண்டு ஸ்டாப் என்றால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன், கூடினால் படத்தில் புள்ளிகள் கூடும்) நான்கு மடங்கு. சோலைக்குள் எஃப் 5.6-ல் ஐஎஸ்ஓ 6400-இல் கிடைக்கிற படம், கேனானின் எஃப் 11 லென்ஸில் அதே ஷட்டர் வேகத்துக்கு 25600 கேட்கும். ஏரிக்கரையில் நல்ல வெயிலில் அதே லென்ஸ் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்யும். ஆக, முதல் படியில் நீங்கள் எழுதிய தாளில் காடு இருக்கிறதா வெளி இருக்கிறதா என்பதுதான் இதற்கு விடை சொல்லும்.

ஷட்டர் வேகத்தைப் பற்றி ஒரு தோராயம் மனதில் இருக்கட்டும். அசையாமல் நிற்கும் கொக்குக்கு 1/250 போதும், கை உறுதியாக இருந்தால் இன்னும் குறையலாம். தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும் சிட்டுக்கு 1/1000. வட்டமிடும் செம்பருந்து, நாரைக்கு 1/1600. கம்பியிலிருந்து பூச்சியைத் தாவிப் பிடிக்கும் பஞ்சுருட்டானுக்கு 1/3200-க்குக் குறைய வேண்டாம். விடியற்காலையில் இந்த வேகங்களை உங்கள் கேமரா எந்த ஐஎஸ்ஓவில் தருகிறது, அந்த ஐஎஸ்ஓவில் வரும் படம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று இப்போதிருக்கும் லென்ஸிலேயே எடுத்துப் பார்த்துவிடலாம்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி எம்எம்மைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டரைக் கடைசி வழியாக வையுங்கள். 1.4 போட்டால் ஒரு ஸ்டாப், 2 போட்டால் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும். டிஎஸ்எல்ஆர்களில் எஃப் 8-ஐத் தாண்டினால் ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் கைவிட்டுவிடும். மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமரா பரவாயில்லை. கேனான் 100-500-இல் கன்வெர்ட்டர் போட்டால் 300-லிருந்து 500 வரைதான் ஜூம் ஆகும். சோனி பாடிக்கான சிக்மா, டாம்ரான் லென்ஸ்களில் கன்வெர்ட்டரே போட முடியாது. எஃப் 5.6 பிரைமில் (ஜூம் ஆகாத லென்ஸில்) 1.4 போடுவதை மட்டும் நான் சிபாரிசு செய்வேன்.

படி 5: ஸ்டெபிலைசேஷன், ஆட்டோஃபோகஸ்

ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையின் நடுக்கத்தை நிறுத்தும். பறவையின் அசைவை நிறுத்தாது. இதை மறந்துவிட்டு 1/60-இல் தேன்சிட்டை எடுத்து, லென்ஸ் சரியில்லை என்பவர்கள் நிறையப் பேர். கையில் பிடிப்பவருக்கு அதன் பெரிய உதவி வேறிடத்தில்: வியூஃபைண்டரில் பறவை ஆடாமல் நிற்பதால் கண்ணில் ஃபோகஸ் வைக்க முடிகிறது. பறக்கும் பறவைக்கு நிக்கானில் ஸ்போர்ட் மோட், கேனானிலும் சோனியிலும் மோட் 3 போட்டுப் பாருங்கள். 1/2000-க்கு மேல் போனால் அணைத்துவிட்டும் எடுத்துப் பாருங்கள், சில லென்ஸ்களில் அது இன்னும் நன்றாக வரும்.

ஸ்டெபிலைசேஷனே இல்லாத ஒரு லென்ஸையும் சொல்லியாக வேண்டும். 1993-இல் வந்த கேனான் இஎஃப் 400 எஃப் 5.6 எல், 1,250 கிராம். பழையதாகக் கிடைத்தால், பறக்கும் பறவைகளை மட்டுமே எடுக்க விரும்பும் கேனான்காரருக்கு இன்றைக்கும் நல்ல லென்ஸ். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு, வெளிச்சம் மங்கிய நேரத்துக்கு வேண்டாம்.

ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சோனி 200-600-இல் 10 மீட்டரிலிருந்து முடிவிலி வரை, 2.4-லிருந்து 10 மீட்டர் வரை என்று தனித்தனி நிலைகள் உண்டு. வானத்தில் பறக்கும் நாரையை எடுக்கும்போது தூர நிலையில் வைத்தால், ஃபோகஸ் தவறினாலும் கிட்டத்துக்கு ஓடித் திரும்பி வர வேண்டியதில்லை. குறைந்தபட்ச ஃபோகஸ் தூரமும் முக்கியம். தோட்டத்துத் தேன்சிட்டை நான்கு மீட்டரில் எடுக்க நினைப்பவருக்கு, 4.5 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாத கேனான் 600 எஃப் 11 சரிப்படாது. நிக்கான் 200-500 போல 2.2 மீட்டருக்கு வரும் லென்ஸ் சரிப்படும்.

படி 6: ஜூமா, பிரைமா?

பறவையை முதல்முறை தேடுபவருக்கு ஜூம். 600 எம்எம் வழியாகத் தெரிவது நான்கு டிகிரிக்குச் சற்றே அதிகமான வானம், அதற்குள் ஒரு சிட்டைப் பிடிப்பது பழக்கம் கேட்கும் வேலை. ஜூமில் 200-க்கு வந்து பறவையைக் கண்டுபிடித்து, அப்படியே 600-க்குத் திருகலாம். அந்தத் திருகு எவ்வளவு என்பதைக் கடையில் கையால் பார்க்க வேண்டும். நிக்கான் இசட் 180-600-இல் சுமார் 70 டிகிரிதான், ஒரே பிடியில் முடிந்துவிடும். பழைய 200-500-இல் ஒரே பிடியில் முடியாது, கையை எடுத்து மறுபடி பிடிக்க வேண்டும், அதற்குள் பஞ்சுருட்டான் போய்விடும்.

ஒரு வருடம் பழகியபிறகு பிரைம் பக்கம் போவதை நான் வரவேற்பேன். பிஎஃப் வகை லென்ஸ்களால் 500, 600 எல்லாம் ஒன்றரை கிலோவுக்குள் வந்துவிட்டன, கையில் பிடிப்பவர்களுக்குக் கடந்த சில ஆண்டுகளில் நடந்த மிக நல்ல விஷயம் இதுதான். எதிர்வெயிலில் நீரில் மின்னும் ஒளிப்புள்ளிகள் அவற்றில் சில சமயம் வளையம் வளையமாகத் தெரியும், அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால் பழைய நிக்கான் 500 பிஎஃப்பை அடாப்டர் போட்டு இசட் பாடியில் எடுக்கலாம், ஆட்டோஃபோகஸ் ஒழுங்காக வேலை செய்யும்.

படி 7: உங்கள் பாடியோடு பொருந்துமா?

நிக்கான் 200-500 போன்ற ஈ வகை லென்ஸ்களில், டி90 போன்ற பழைய பாடிகளால் அபர்ச்சரைச் சுருக்க முடியாது. கேனான் ஆர் வரிசைக்கு சிக்மா, டாம்ரான் 150-600 வேண்டுமென்றால் இஎஃப் மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் அமைப்பு) உள்ளதை வாங்கி அடாப்டர் போட வேண்டும், அடாப்டரும் ஒரு நூறு கிராமுக்கு மேல் சேர்க்கும். சோனி பாடிகளில் மற்ற நிறுவன லென்ஸ்களுக்கு நொடிக்கு 15 படம்தான் உச்சவரம்பு. பாடி மாற்றும் எண்ணம் இரண்டு வருடத்துக்குள் இருந்தால், லென்ஸை அந்த மவுண்டுக்கே பார்ப்பது நல்லது.

படி 8: வாங்குவதற்கு முன் கையில் எடுத்துப் பாருங்கள்

சென்னை, கோவை போன்ற ஊர்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு சனி, ஞாயிறுக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்துக்கே கொண்டுபோங்கள். அது முடியாதபோது, கடைக்காரரிடம் "அண்ணா, வாசல்ல நின்னு ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டு உங்கள் கேமராவில் மாட்டித் தெருவுக்கு வாருங்கள். தெருவில் காக்கை இருக்கும், மாடப்புறா இருக்கும். கேட்டால் பெரும்பாலான கடைகளில் மறுக்க மாட்டார்கள்.

தூக்கும் முறை இது. காலரின் பாதத்தை மேல்பக்கம் திருப்பிவிடுங்கள், அல்லது கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், கேமராவும் லென்ஸும் சமநிலையில் நிற்கும் இடத்தில். இரண்டு முழங்கையும் விலாவில் ஒட்டியிருக்கட்டும். பறவையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள், வியூஃபைண்டரின் ரப்பர் புருவத்தில் அழுந்த வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திப் பட்டனை அழுத்துங்கள். இப்போது கவனியுங்கள்: இடது கட்டைவிரல் ஜூம் வளையத்தைத் தொடுகிறதா, ஆட்டோஃபோகஸ் சுவிட்சுகள் தவறுதலாகத் தட்டுப்படுகின்றனவா, மணிக்கட்டு எந்தக் கோணத்தில் மடங்குகிறது? மணிக்கட்டு முதல் ஐந்து நிமிடத்தில் வலித்தால் வயலில் அது குறையப்போவதில்லை.

படி 9: பழைய லென்ஸ் வாங்குவோருக்கு

நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சைதான் முதல் எதிரி. அபர்ச்சரைத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். வேர் போலக் கிளைவிட்ட வெள்ளை இழைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஓரிரண்டு தூசி பரவாயில்லை. லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் ஜூம் தானாக இறங்குகிறதா? ஆட்டோஃபோகஸ் ஓடும்போது கரகர சத்தம் வருகிறதா? பில்லும் வாரண்டி அட்டையும் இந்தியாவுக்கானதா? வெளிநாட்டிலிருந்து பில் இல்லாமல் வந்த லென்ஸ் விலை குறைவாக இருக்கும், ஆனால் பழுதானால் இலவச சர்வீஸ் கிடைக்காது.

வாங்கியபின் சிலிகா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அல்லது 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் உலர் பெட்டியில்.

படி 10: முதல் வாரத்தில் சோதனை

புதிய லென்ஸிலும் குறை இருக்கலாம். வெயில் ஏறும் முன், செங்கல் சுவரையோ சுவரில் ஒட்டிய செய்தித்தாளையோ பத்து மீட்டரில் நேர் எதிரே நின்று, லென்ஸ் முழுதும் திறந்த நிலையில், 1/2000-க்கு மேல் வேகத்தில் எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி எடுங்கள். மங்கல் படத்தில் எப்போதும் அதே பக்கத்தில் வந்தால் கண்ணாடி நகர்ந்திருக்கிறது. அது சுவரோடு சேர்ந்து மறுபக்கம் போனால் நீங்கள் கொஞ்சம் சாய்வாக நின்றிருக்கிறீர்கள், சரியாக நின்று மறுபடி எடுங்கள். ஜூம் என்றால் நீளமான முனையில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் இருபது மீட்டரில் ஒரு சாய்ந்த வேலிக் கம்பியை எடுத்து, ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ கூர்மை விழுகிறதா என்று பார்த்து, மெனுவில் ஃபைன் டியூன் செய்துகொள்ளலாம். அதிலும் சரியாகவில்லை என்றால், படங்களைப் பென்டிரைவில் போட்டு பில்லோடு கடைக்கு எடுத்துப்போங்கள். மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்க அந்த முதல் வாரம்தான் சரியான நேரம்.